ஆசனவாய்ச் சுருக்கமும் அதனைத் தவிர்க்கும் நெறியும்

சொல்லக் கூசும் நோய்கள் பெரும்பாலும் முற்றிய பின்னரே வைத்தியரிடம் வருகின்றன. தலைவலியை நால்வரிடம் சொல்லி ஆறுதல் பெறும் நாம், உடலின் கீழ்வாயிலில் நேரும் துன்பத்தைப் பெற்ற தாயிடமும் வாய்திறந்து சொல்வதில்லை. இத்தகைய பொருளைக் கல்லூரி இதழில் எடுத்துப் பேசுதல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். நம் கல்லூரியில் பயின்று சென்ற இளைஞர் பலர், வண்டலூரினின்று படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கிலும், அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் முதலிய ஊர்களிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளில் இன்று உழைத்து வருகின்றனர். அன்னாரது நாள் வாழ்க்கையோடு இந்நோய்க்குள்ள தொடர்பு பெரிது. ஆதலின் கூச்சத்தை ஒருபுறம் வைத்து எழுதத் துணிந்தோம்.

முதற்கண் உறுப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். மலக்குடலின் இறுதியில் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகிய வழியொன்று உளது. அதன் மேற்பகுதி குடலின் உட்சவ்வால் போர்த்தப்பட்டது, நோவை அறியாதது. கீழ்ப்பகுதியோ மெல்லிய தோலால் ஆயது. முள் முனையளவு கீறலையும் பொறாதது. இவ்விரண்டும் கூடுமிடத்தில் அரத்தின் பற்கள்போல் வளைந்து செல்லும் கோடொன்றைக் காணலாம். இவ்வழியைச் சூழ்ந்து இரு தசை வளையங்கள் நிற்கின்றன. உள்வளையம் நம் விருப்பத்திற்கு அடங்காதது. நாம் உறங்கும்போதும் இறுகி நின்று காவல் புரிவது. புறவளையம் நம் ஆணைக்கு உட்பட்டது. மலக்குடலில் மலம் வந்து சேர்ந்ததும் உள்வளையம் தானே நெகிழும். நமக்கு உந்துதல் தோன்றுவதும் அப்பொழுதே. இடமும் வேளையும் வாய்த்தால் புறவளையத்தையும் நெகிழவிடுகிறோம். வாயாவிடின் அதனை இறுக்கி, வந்த உந்துதலைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சிறிது நேரத்தில் உந்துதல் அடங்கிப்போகும். ஆனால் மலம் அங்கேயே கிடக்கும். குடற்சுவர் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் குழைந்த மண்போல் இருந்தது, மறுநாள் காய்ந்த களிமண் கட்டியாய் நிற்கும்.

இவ்வழியில் தழும்பு விழுந்து, இயல்பாக விரியுந்தன்மை கெட்டு, துளை சிறுத்துப்போவதையே ஆசனவாய்ச் சுருக்கம் என்கிறோம். உடலில் எங்குப் புண் ஆறினும் அங்குத் தழும்பு தோன்றிச் சுருங்குதல் இயற்கை. முழங்காலில் விழுந்த தழும்பு சுருங்கினால் அதனால் பெருந்தீங்கு இல்லை. வட்டமான வாயைச் சுற்றிலும் புண் உண்டாகி ஆறுமாயின், பாட்டிமார் இடையிற் செருகும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல் வாய் குவிந்துவிடும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் இந்நோயின் வரலாறு முழுதும் விளங்கிவிடும்.

நம் நாட்டுப் பண்டை வைத்தியர் இதனை அறியாதவரல்லர். சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதியில் 'சந்நிருத்த குதம்' என்னும் நோய் ஒன்று கூறப்பட்டுள்ளது. மல உந்துதலை அடக்குவதால் வாயு தடைப்பட்டுக் குதத்தைச் சார்ந்து நின்று, அப்பெருவழியை அடைத்து, வாயிலைச் சிறிதாக்கிவிடும் என்பதும், அதனால் மலம் வருந்தி வெளிப்படும் என்பதும், இது தீர்த்தற்கரிய நோய் என்பதும் அதன் கருத்து. நெய் பூசிய குழலைச் செலுத்தி, சில நாட்களுக்கு ஒருமுறை சற்றே பருத்த குழலாக மாற்றி மாற்றி வழியை விரிக்கும் முறையும் அந்நூலிற் காணப்படும். இக்காலத்து அறுவை வைத்தியரும் இலேசான சுருக்கத்திற்கு ஏறக்குறைய இதனையே செய்கின்றனர். குழல் மட்டும் மாறியுள்ளது. நம் சித்த வைத்திய நூல்களும் அடக்கலாகாத வேகங்கள் பதினான்கனுள் மலத்தை ஒன்றாக வைத்து எண்ணின. அடக்குதல் நேரே சுருக்கத்தை உண்டாக்கும் என்று இன்றைய அறிவு கொள்வதில்லை. அடக்கத்தால் மலம் இறுகும். இறுகிய மலத்தால் வெடிப்பும் மூலமும் தோன்றும் அல்லது மிகும். அவற்றால், அவற்றினும் மிகுதியாக அவற்றிற்குச் செய்யும் முறையற்ற சிகிச்சையால், சுருக்கம் விளையும். இடைப்படிகள் இவ்வாறு பலவாயினும், பண்டையோர் சுட்டிய தொடக்கம் பிழையன்று.

நிற்க. அத்தொடக்கம் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் பெருமையோடு ஏரியும் வயலுமாய் விளங்கிய ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையினின்று 1998-இல் கார்கள் வெளிவரலாயின. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இன்று காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும், டயரும், கைப்பேசியும் அங்கு உருவாகின்றன. இத்தகைய ஆலைகளில் வேலை, ஓடும் பட்டையின்முன் நின்று செய்வது. பொருள் தன்முன் வரும் சில நொடிகளுள் தன் பங்கை முடித்தல் வேண்டும். ஒருவர் இடம்விட்டுப் பெயர்ந்தால் அவரிடத்தில் மற்றொருவர் வந்து நிற்க வேண்டும். மாற்றாள் இல்லையேல் வரிசை முழுதும் தடைப்படும். வயலில் உழுதவன் ஏரை நிறுத்திவிட்டு வரப்போரம் ஒதுங்கலாம்; பட்டைமுன் நிற்பவனுக்கு அது கூடுவதன்று. உந்துதலோ மணியடித்து வருவதில்லை. உணவிற்குப்பின் குடல் அசைவு மிகுதல் இயல்பாதலின், காலையுணவு உண்ட சிறிது நேரத்தில் உந்துதல் தோன்றுவது பலர்க்கும் வழக்கம். அவ்வேளையில் அவர் ஆலைப் பேருந்திலோ, வாயிலில் வருகை பதியும் வரிசையிலோ, பட்டையின் முன்னோ நிற்பர். இதனோடு ஷிப்டு முறையும் சேர்கிறது. ஒரு வாரம் பகலும் மறு வாரம் இரவுமாக வேலை மாறுங்கால், குடல் தனக்கென வகுத்துக்கொண்ட காலக்கணக்கும் குழம்பிப்போகிறது.

பெண் தொழிலாளர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நீர் பருகினால் எழுந்து செல்ல நேருமே என்று அஞ்சி நீரையே குறைத்துக்கொள்ளும் வழக்கம் உழைக்கும் பெண்டிரிடையே பரவலாக உண்டு. நீர் குறைய மலம் இறுகும். விடுதியிலோ பலருக்கு ஒரு கழிப்பிடம். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று வெளியினின்று கதவைத் தட்டுவார் இருக்கையில், உள்ளிருப்பவர் உடல் எவ்வாறு நெகிழும்? 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், பூந்தமல்லியையடுத்த விடுதியொன்றில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்டிர் பலர் கெட்ட உணவால் நோயுற்றனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அறைகளின் நெருக்கமும் கழிப்பிடங்களில் நீரின்மையும் அதன்பின்னரே செய்தித்தாள்களில் வெளிவந்தன; விடுதிகள் சில உரிய தரத்தில் இல்லை என்பதை நிறுவனத்தாரும் ஒப்புக்கொண்டனர். 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெருவிடுதி ஒன்று, 706.50 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் நிறுவனத்தால் கட்டப்பெற்றுத் திறக்கப்பட்டது. ஒரு விடுதி நன்றா என்பதை அதன் மாடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளவிடுதலினும், விடியற்காலை ஐந்து மணிக்கு அதன் கழிப்பிட வாயிலில் எத்தனைபேர் நிற்கின்றனர் என்பதைக் கொண்டு அளவிடுதல் தகும் என்பது நம் கருத்து.

இனி, இறுகிய மலம் செய்யும் கேட்டைக் காண்போம். அது வெளிப்படுங்கால் கீழ்ப்பகுதியின் மெல்லிய தோலைக் கிழித்துவிடும், இதுவே வெடிப்பு. அதன் நோவு, கண்ணாடித் துண்டால் அறுத்தாற்போல் இருக்கும் என்பர் நோயாளர். நோவு மிகவே உள்வளையத் தசை முன்னினும் இறுகும். இறுகவே அவ்விடத்து இரத்தவோட்டம் குறையும். குறையவே புண் ஆறாது. நோவுக்கு அஞ்சி மறுநாளும் அடக்குவதால் மலம் இன்னும் இறுகிப் பழம்புண்ணை மீண்டும் கிழிக்கும். ஆண்டுக்கணக்கில் இது நீளுமாயின் புண்ணின் ஓரங்கள் தடித்துத் தழும்பாகும். மூலமோ வேறு. அவ்வழியின் உட்புறத்தில் இயல்பாகவே உள்ள இரத்தமெத்தைகள் முக்கலின் அழுத்தத்தால் வீங்கித் தாழ்ந்து குருதி சிந்துவதே மூலம்.

இவ்விரண்டையும் தொடக்கத்தில் எளிதில் ஆற்றலாம். ஆயினும், கூச்சமுடையான் மருத்துவமனைக்குச் செல்லான், சுவரொட்டியைப் படிப்பான். மூலம், பவுத்திரம் ஆகியவற்றை அறுவையின்றி, ஒரே ஊசியில், ஒரே நாளில் தீர்ப்பதாக அறிவிக்கும் தாள்கள் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்பட்டிருத்தலைக் காணாதார் இலர். விடுப்பு எடுத்தால் அன்றையக் கூலியை இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு 'ஒரே நாள்' என்னும் சொல் எத்துணை இனிக்கும் என்பதை நாம் உணர்தல் வேண்டும். அவனை அறிவிலி என்று இகழ்வது எளிது, நேர்மையன்று. முறையாகப் பயிலாதார் சிலர் அரிக்கும் மருந்துகளை அவ்விடத்தில் ஊசியால் ஏற்றுவர். வேறு சிலர் காரக் களிம்பைப் பூசுவர். மூலத்தோடு சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்து உதிரும். சில வாரங்களில் புண் ஆறியதாகத் தோன்றும். ஆறிய புண் வட்டமாகச் சுருங்கி, சிறுவிரலும் நுழையாத துளையாகிவிடும். இந்திய அறுவை வைத்தியர் தம் ஏடுகளில் இத்தகைய நோயாளரைப் பற்றிப் பன்முறை எழுதியுள்ளனர்.

இவ்வூசி நம் நாட்டுப் புதுமையன்று. 1871-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் மிச்செல் என்பார் கார்பாலிக் அமிலத்தை ஒலிவ எண்ணெயிற் கலந்து மூலத்தில் ஏற்றும் முறையைக் கையாண்டார். அம்முறையை இரகசியமாக வைத்து, ஊரூராகத் திரிந்த போலி வைத்தியர்க்கு விலைக்கு விற்றார். தேர்ந்தவர் கையில், உரிய அளவில், உட்சவ்வின்கீழ் ஏற்றினால் அம்மருந்து இன்றும் பயன்படுவதே. அளவும் இடமும் அறியாதவர் கையிலேயே அது நஞ்சாகிறது. நம் ஆயுர்வேதத்தின் க்ஷாரமும் அத்தகையது. கருவி, க்ஷாரம், நெருப்பு ஆகிய மூன்றும் மூலத்தில் தவறாகக் கையாளப்படின் வீக்கம், மலத்தடை, குதம் வெளித்தள்ளல், சாவு வரையிலும் நேரும் என்று சரக சங்கிதை எச்சரித்துள்ளது. அந்நூலின் பெயரைத் தம் பலகையில் எழுதிக்கொள்வோர் அவ்வெச்சரிக்கையையும் படித்திருப்பின் நலம்.

பட்டம் பெற்ற வைத்தியராலும் இந்நோய் வருவதுண்டு என்பதை மறைத்தல் ஆகாது. மூல அறுவையின் பின் விளைவனவே இச்சுருக்கங்களிற் பெரும்பங்கு என்றும், ஏறத்தாழப் பத்தில் ஒன்பது என்றும் அறுவை நூல்கள் கூறும். ஆயினும் மூல அறுவை செய்துகொள்வார் நூற்றுவரில் மிகச் சிலர்க்கே இது நேர்வது. ஆகவே அறுவைக்கு அஞ்சுதல் வேண்டா. 1882-இல் ஆங்கில நாட்டு வைட்ஹெட் என்பார் மூலம் தோன்றும் வளையம் முழுவதையும் சுற்றி அறுத்தெடுத்து, மேற்சவ்வைக் கீழிழுத்துத் தோலோடு தைக்கும் முறையைப் புகுத்தினார். கேட்பதற்கு நேர்த்தியாக இருந்த அம்முறையைப் பிறர் கையாண்டபோது, தையல் பிரிந்து வட்டப்புண் உண்டாகிச் சுருக்கம் மலிந்தது. 1937-இல் இலண்டன் புனித மாற்கு மருத்துவமனையைச் சார்ந்த மில்லிகன், மார்கன் முதலியோர் வேறொரு முறையை வெளியிட்டனர். மூன்று மூலத் திரள்களையும் தனித்தனியே நீக்கி, ஒவ்வொன்றற்கும் இடையில் நல்ல தோலையும் சவ்வையும் பாலம்போல் விட்டுவைப்பதே அதன் நுட்பம். அறுவை முடிந்தபின் காணின் மூன்று புண்களும் வில்வத்தின் மூவிலைபோல் பிரிந்து நிற்கும். அப்பாலங்கள் உள்ளவரை வட்டத் தழும்பு தோன்றாது. இன்றும் மூல அறுவை செய்வோர் பேணும் முதல் விதி இதுவே.

வேறு காரணங்களும் உள. காசநோய் அவ்விடத்தைப் பற்றுதல், குரோன் நோய் என்னும் குடலழற்சி, சிலவகை மேகநோய்கள், இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குச் செய்யும் கதிர்ச்சிகிச்சை ஆகியவற்றாலும் இவ்வழி சுருங்கலாம். ஏறத்தாழ ஐயாயிரம் மகவுகளில் ஒன்று ஆசனவழி சரிவர அமையாமற் பிறக்கிறது. அதற்கு அறுவை செய்து வழியமைத்த பின்னர், வைத்தியர் காட்டிக்கொடுத்தவாறு பெற்றோரே பல மாதங்கள் அளவிட்ட கோல்களால் விரித்து வருதல் வேண்டும். அழும் குழவியைக் கண்டு மனமிளகி அதனை நிறுத்திவிட்டால் வழி மீண்டும் குறுகும்.

பேதி மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. மலம் உருண்டு திரண்டு மென்மையாய் வெளிப்படுங்கால், நாள்தோறும் அவ்வழியைத் தானே அளவாக விரித்துச் செல்கிறது. இயற்கை அமைத்த விரிகோல் அதுவே. நிலாவாரைப் பொடியையோ, கடையில் விற்கும் கலவைச் சூரணங்களையோ, பாரபின் எண்ணெயையோ ஆண்டுக்கணக்கில் தாமாகவே உண்டு, மலத்தை எந்நாளும் நீராகவே கழிப்பவர்க்கு அவ்விரிவு நிகழ்வதில்லை. வழி மெல்ல மெல்லக் குறுகவும் கூடும். திருநெல்வேலி நிலாவாரை உலகச் சந்தையில் பெயர்பெற்ற சரக்கு. வைத்தியர் சொற்படி சில நாள் உண்ணின் நன்மருந்து. அதனை நாள்தோறும் உண்ணும் பழக்கத்தையே ஈண்டுக் கடிகிறோம்.

நோயின் குறிகள் இவை: மலம் வரவர மெலிந்து மெழுகுவத்திபோல் வெளிப்படுதல், நெடுநேரம் முக்கியும் முற்றும் கழியாமை, நோவு, குருதி, பேதி மருந்தின்றி மலமே போகாத நிலை. இவற்றுட் சில மலக்குடற் புற்றுக்கும் பொதுவானவை. ஆதலின் மூலம்தானே என்று தாமே முடிவு செய்தல் ஆபத்து. உடல் மெலிதலும் உடனிருப்பின் சிறிதும் தாழ்த்தலாகாது. வைத்தியர் விரலாற் சோதித்தே பெரும்பாலும் அறிந்துவிடுவார். நோவு மிகுந்தவர்க்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பர். தசையின் இறுக்கமாயின் மயக்கத்தில் நெகிழ்ந்துவிடும், தழும்பின் சுருக்கமாயின் நெகிழாது. முன்னதற்குத் தசையைத் தளர்த்தும் களிம்பும் வெந்நீர்த் தொட்டியில் அமர்தலும் பயன்தரும். அவற்றால் தீராதார்க்குச் சிறிய அறுவை ஒன்றுண்டு. பின்னது இலேசானதாயின் நார்ச்சத்துணவும் படிப்படியான விரிகோலும் போதும். கடுமையானதாயின் அருகிலுள்ள நல்ல தோலை நெகிழ்த்து நகர்த்தித் தழும்பிடையே வைத்துத் தைக்கும் அறுவை உண்டு. அது நற்பயன் தருவது. விரல்களைச் செலுத்தி வலிந்து கிழித்து விரிக்கும் பழைய முறை, காவல் தசையையே அறுத்து மலத்தை அடக்க இயலாதவராக ஆக்கியமையால் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

தடுக்கும் நெறியில் உணவும் நீரும் முதலாவன. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளரிசிச் சோறும் பரோட்டாவுமே விடுதி உணவாயின் அது கிட்டாது. கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, சுண்டல், கொய்யா, கம்பு, கேழ்வரகு ஆகியவை விலை மிகுந்தனவல்ல. வெப்பத்தில் வியர்த்து உழைப்பவர்க்கு இரண்டரை, மூன்று லிட்டர் நீரும் வேண்டும். குந்தி அமரும்போது மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழி நேராகிறது. நாற்காலி போன்ற கழிப்பிடமாயின் காலடியில் சிறு மணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருத்தல் மூலத்தை வளர்க்கும். அக்கைப்பேசியைச் செய்வோர்க்கு ஐந்து நிமிடமும் கிடைப்பதரிது என்பதை இடையே நினைத்துக்கொள்கிறோம்.

தொழிலாளி தானே செய்துகொள்ள இயலாதது ஒன்றுண்டு. அது எழுந்து செல்லும் உரிமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் இருக்கும் நேரம் முழுதும் தொழிலாளர் எளிதில் அணுகத்தக்க கழிப்பிடங்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே வேண்டுமென்றும், ஐந்து மணி நேரத்திற்குமேல் ஓய்வின்றி வேலை வாங்கலாகாதென்றும் விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பெற்ற பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் கழிப்பிடக் கடமையை வேலை தருவோர் மீதே வைத்துள்ளது. ஆனால் மாற்றாள் இல்லாத வரிசையில் நிற்பவர்க்குக் கழிப்பிடம் பத்தடியில் இருப்பினும் பத்துக் காதத்தில் இருப்பினும் ஒன்றே. நம் பழைய மாணவர் பலர் அவ்வாலைகளில் மேற்பார்வையாளராகவும் ஆட்பொறுப்பாளராகவும் இருக்கின்றனர். ஒவ்வொரு வரிசைக்கும் மாற்றாள் வைப்பதும், கையுயர்த்தியவரைக் காரணம் கேளாது அனுப்புவதும் அவர்தம் கையில் உள்ளவை.

குருதி கண்டவர் சுவரொட்டிக்குச் செல்லாது, தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகத்திற்கோ, ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைக்கோ, அங்கிருந்து அனுப்பப்படின் காஞ்சிபுரம், செங்கற்பட்டு மருத்துவமனைகளுக்கோ செல்லலாம். மூல அறுவை செய்துகொண்டவர், நோவுக்கு அஞ்சிப் பாலும் கஞ்சியுமாக இருந்து மலத்தை நிறுத்திவைத்தலும், பேதியுண்டு நீராகக் கழித்தலும் ஆகா. இசப்கோல் முதலியவற்றை மிகுந்த நீருடன் வைத்தியர் சொன்ன அளவில் உண்டு, மலம் மெத்தென உருண்டு வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சுருக்கம் தொடங்குவதாயின் பெரும்பாலும் அறுவைக்குப்பின் சில வாரங்களுள்ளேயே தலைகாட்டும். நோவு நீங்கிவிட்டது, விடுப்பும் இல்லை என்று பலர் மறுமுறை வருமாறு குறித்த நாளில் செல்வதில்லை. அந்நாளில் வைத்தியர் விரலால் ஒருமுறை சோதித்தால், இளந்தழும்பாய் இருக்கும்போதே அதனை விரித்துவிடுதல் கூடும்.